சென்னையிலிருந்து சிட்னிக்கு அம்மாவோடு: கோலாலம்பூரில் பட்ட பாடு

"பதினாறு மணி நேரத்துல சிட்னி சார், லக்கேஜும் நேரா போயிடும்" என்றார் டிராவல்ஸ்காரர். மணிக்கணக்கு சரிதான். லக்கேஜ் சொன்னதுதான் பொய்.

சென்னையிலிருந்து சிட்னி நேர்கோட்டில் 9,100 கிலோமீட்டர் போல வரும். கோலாலம்பூர் வரை 2,600, அங்கிருந்து 6,600, ஆக சுற்றே இல்லாத வழி. நாலு மணி, எட்டு மணி என்று பறந்து, நடுவில் நாலு மணி காத்திருப்பு. துபாய் வழியாகவும் டிக்கெட் காட்டினார். மேற்கே 2,900 போய்விட்டு மறுபடி 12,000 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். முட்டிவலிக்கார அம்மாவை அத்தனை நேரம் உட்கார வைக்க மனசு வரவில்லை.

அவர் கொடுத்த ஒரே தாளில் இரண்டு பி.என்.ஆர். (முன்பதிவு எண்) இருந்தது. அதாவது இரண்டு கம்பெனி, இரண்டு தனித்தனி டிக்கெட். ஏன் என்று கேட்டதற்கு "அது சும்மா, சிஸ்டத்துல அப்படித்தான் வரும்" என்றார். சென்னை கவுண்டரில் பெட்டிக்குக் கோலாலம்பூர் வரைதான் டேக் போட்டார்கள். பெட்டியை எடுக்க மலேசியாவுக்குள் நுழைந்தாக வேண்டும், அதற்கு டிஜிட்டல் வருகை அட்டை வேண்டும். எப்படி வாங்குவது என்று கேட்டால், கவுண்டரில் இருந்தவர் "ஆன்லைன்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வரிசையை விட்டு ஒதுங்கி, பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பார்த்து போனில் நிரப்பினேன். உறுதி மெயில் வரும்வரை அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் பயணத்துக்கு மூன்று நாள் முன்பிருந்தே நிரப்பலாம், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளமென்றால் உடனே வெளியே வந்துவிடுங்கள். இந்தியர்களுக்கு அங்கே விசா விலக்கு இருந்ததால் தப்பித்தோம், இல்லையென்றால் சென்னையிலேயே பயணம் முடிந்திருக்கும்.

கோலாலம்பூரில் இறங்கியது இரண்டாம் டெர்மினல், சிட்னி விமானம் முதல் டெர்மினல். இமிக்ரேஷன் வரிசை, பெல்ட்டில் பெட்டி, அப்புறம் ரயில். ரயில் சில நிமிடம்தான், ஆனால் சக்கர நாற்காலி முதல் விமானத்தோடு முடிந்துவிட்டது. இரண்டாவது டிக்கெட்டில் அதைப் பதிவே செய்யவில்லை. கவுண்டர் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். அங்கே இருந்த மலேசியத் தமிழ்ப் பெண் "அம்மா, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்று நாற்காலியும் வரவழைத்து, பெட்டிகளையும் ஏற்றிவிட்டார். அன்று உருப்படியாக உதவிய ஒரே ஆள் அவர்தான். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

சிட்னியில் பொடி, ஊறுகாய் எல்லாவற்றையும் வருகைப் பயணி கார்டில் எழுதிக் காட்டினோம், சிக்கலில்லை.

வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள்: ஒரே பி.என்.ஆரா, பெட்டி கடைசி ஊர் வரை போகுமா, சக்கர நாற்காலி ஒவ்வொரு விமானத்திலும் பதிவாகியிருக்கிறதா. அதை எழுத்தில் வாங்குங்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதும் நினைவிருக்கட்டும். சிட்னி நம்மைவிட நாலரை மணி முன்னால், அக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை ஐந்தரை. அதைக் கழிக்காமல் பார்த்தால் பயணம் இன்னும் நீளமாகத் தெரியும்.

அம்மா திரும்புவதற்கு சிங்கப்பூர் வழியாக ஒரே டிக்கெட்டாகப் போட்டுவிட்டேன். எதிர்காற்றால் அரை மணி போலக் கூடும், விலையும் கூடுதல்தான். பெட்டி சென்னையில்தான் வந்து இறங்கும்.