சீசன் தொடக்கத்தில் பனிச்சரிவுத் தேர்வு எழுதுபவர்களுக்கு

முடிவு வந்துவிட்டது, தேர்ச்சி. அந்த நிம்மதியோடு உடனே எழுதிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் பாதி மறந்துவிடும். பனிமலையில் குழி தோண்டி அடுக்குகளைச் சோதித்து, பனி சரிந்து விழும் ஆபத்து எவ்வளவு என்று எழுத்திலும் வாய்மொழியிலும் சொல்லும் தேர்வு இது. நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

எங்களுக்குத் தேர்வு சீசன் தொடக்கத்திலேயே வந்தது. பனி குறைவு, ஆகவே ஆபத்தும் குறைவு என்று சிலர் தைரியமாக வந்தார்கள். உண்மை நேர்மாறு. பனி மெல்லிசாக இருக்கும்போதுதான் அதன் அடிப்பகுதி கெடுகிறது. தரை கிட்டத்தட்ட 0 டிகிரியில் இருக்கும். மேகமில்லாத இரவில் பனியின் மேற்பரப்பு மைனஸ் 15 வரை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் 40 செ.மீ. பனிதான் என்றால், 10 செ.மீ.க்குக் கிட்டத்தட்ட 4 டிகிரி வேறுபாடு. 10 செ.மீ.க்கு 1 டிகிரியைத் தாண்டினாலே பனிமணிகள் பட்டை பட்டையான படிகங்களாக மாறத் தொடங்கிவிடும். அவை ஒன்றோடொன்று ஒட்டாது, அள்ளினால் சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் உதிரும். அதே குளிர் ஒன்றரை மீட்டர் பனியின் மேல் இறங்கினால் 10 செ.மீ.க்கு 1 டிகிரிதான். இந்தக் கணக்கை யோசிக்காமல் போடும் அளவுக்குப் பழகுங்கள். வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்டவற்றில் பெரும்பகுதி இதிலிருந்து கிளைத்ததுதான்.

நான் தேறியதற்குக் காரணம் என்று ஒன்றைத்தான் சொல்வேன்: மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்பே அந்த சீசனின் கதையை எழுதி வைத்திருந்தேன். முதல் பனி எப்போது விழுந்தது, அப்புறம் எவ்வளவு காலம் வானம் தெளிந்திருந்தது, எந்தச் சரிவில் பனி உருகித் தரை தெரிந்தது, எதில் தங்கியது, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது. வட அரைக்கோளத்தில் உயரமான, நிழல் விழும் வடக்கு, வடகிழக்குச் சரிவுகளில்தான் பழைய பனி தங்கும். அடுத்த புயலில் தெற்குச் சரிவின் புதுப்பனி வெறும் தரையில் விழும். வடக்கில் அதே பனி உதிரிப் படிகங்களின் மேல் போய் உட்காரும். சறுக்குவதற்குப் போதுமான பனி இருப்பதும் அந்த வடக்குச் சரிவில்தான், எல்லோரும் அங்கேதான் போவார்கள். "எங்கே தோண்டுவீர்கள், ஏன்?" என்று தேர்வாளர் கேட்டதும் குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். எழுதி எழுதியே யோசிக்கிற ஆள் நான், அதனால் இது எனக்குச் சரியாகப் பொருந்தியது. பேச்சிலேயே தெளிவு வருபவர்கள் ஒரு துணையிடம் இதே கதையைச் சொல்லிப் பார்க்கலாம்.

மற்றவை, ஞாபகம் வந்தபடி:

- தோண்டுமுன் ப்ரோப் கம்பியால் சுற்றிலும் குத்தி ஆழம் பாருங்கள். புதைந்த பாறையின் மேல் தோண்டிய குழி அந்தச் சரிவைப் பற்றி ஒன்றும் சொல்லாது.
- கம்ப்ரெஷன் டெஸ்ட் என்பது குழியோரம் வெட்டிய பனித்தூணின் மேல் மண்வெட்டியை வைத்துக் கையால் தட்டி, எப்போது முறிகிறது என்று பார்ப்பது. அதில் 30க்கு 30 செ.மீ. தூண். மணிக்கட்டிலிருந்து, முழங்கையிலிருந்து, தோளிலிருந்து என்று பத்துப் பத்துத் தட்டு. எத்தனையாவது தட்டில் முறிந்தது என்பதோடு, சட்டென்று நழுவியதா, நொறுங்கியதா என்பதையும் எழுத வேண்டும்.
- 90 செ.மீ. அகலத் தூணில் ஒரு முனையில் தட்டி, முறிவு தோன்றிய அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ மறுமுனை வரை ஓடியதா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.
- நடக்கும்போது அடியிலுள்ள உதிரி அடுக்கு உடைந்து காலடியில் 'வும்ஃப்' என்று பனி அமுங்கினால் அதை முதல் வரியாக எழுதுங்கள். குழியில் கிடைத்த எந்த நல்ல முடிவும் அதற்குப் பிறகுதான்.

90 செ.மீ. தூண் சோதனையில் பலருக்கு மதிப்பெண் போனது. முறிவு ஓடவில்லை, எனவே சரிவு பாதுகாப்பானது என்று எழுதினார்கள். சீசன் தொடக்கத்தில் மேலடுக்கு இன்னும் இளக்கமாக இருக்கும், முறிவை ஏந்திச் செல்லும் இறுக்கம் அதற்கு இராது. ஒரே இரவுக் காற்று அதே சரிவில் பனியைக் குவித்து இறுக்கிவிட்டால் நேற்றைய குழிக்கு மதிப்பில்லை.

ஆபத்து நிலை எழுதும்போது வரக்கூடிய பனிச்சரிவின் அளவையும் சேருங்கள். 30 முதல் 45 டிகிரிச் சாய்வில் சின்னப் பனிச்சரிவு வந்தாலும், மூடப்படாத பாறைகள் மீதும் மரக்கட்டைகள் மீதும் அது ஆளை இழுத்துப் போகும். புதைவதற்கு முன்பே அடிபட்டுவிடும்.

அப்புறம், வெப்பமானியை முந்தைய இரவே பனியும் நீரும் கலந்த குழம்பில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு டிகிரி தவறினாலும் மேலே சொன்ன கணக்கு பிசகலாம்.