மின்னலுக்கும் முக்காட்டுக்கும் ஒரே தங்கம்

வெளியே நல்ல மழை. 1800 வாக்கில் இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பக்கம் தீட்டிய அபிசாரிகை ஓவியம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அபிசாரிகை என்றால் காதலனைத் தேடிப் போகும் நாயகி. நள்ளிரவில், கொட்டும் மழையில், காட்டுவழியே தனியாகப் போகிறாள். காலடியில் பாம்புகள் நெளிகின்றன. அவள் அவற்றைப் பார்க்கவே இல்லை. கழன்று விழுந்த கொலுசைத்தான் திரும்பிப் பார்க்கிறாள். மேகத்தைக் கிழிக்கும் மின்னலும் அவள் நீல முக்காட்டின் ஓரமும் ஒரே தங்கப் பூச்சு. என்ன ஒரு கை!

அப்புறம் பாராமாசா ஓவியங்கள். பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒவ்வொரு படம். சாவன், பாதோன் என்ற மழை மாதங்களின் படங்களில் கருமேகம் திரண்டிருக்கும், மயில் அகவும், வெண்கொக்குகள் வரிசையாகப் பறக்கும். மாடத்தில் நாயகி காதலனிடம் கேட்பது ஒன்றுதான்: இந்த மழையில் போகாதே.