இரணைதீவுக் கடலில் கரி அடுப்பு: வள்ளத்துக்குக் கிறில் வாங்கப் போகிறவர்களுக்கு

முழங்காவில் சந்தியில் நின்ற ஓட்டோக்காரர் பெட்டியைக் கண்டதுமே வாடகையை ஏற்றிவிட்டார். இரணைதீவுக் கடலுக்கு வள்ளம் எடுக்கும் நாச்சிக்குடாக் கரைக்கு ஆளுக்கு ஒரு காசு, வள்ளத்தில் மீன் வாட்டக் கொண்டுபோன கிறில் அடுப்புப் பெட்டிக்குத் தனிக் காசு. "பாரச் சாமான் அண்ணை" என்று நியாயம் வேறு. பெட்டி வெறும் 5 கிலோ. பக்கத்தில் கிடந்த கரிச்சாக்கு அதைவிடப் பாரம், அதை அவர் கவனிக்கவேயில்லை. ஆகவே முதல் புத்திமதி: பளபளக்கும் அட்டைப்பெட்டியோடு போகாதீர்கள். உரப்பையில் போட்டுக் கட்டுங்கள், பழைய இரும்பென்று விட்டுவிடுவார்கள்.

ஓட்டோவுக்கு முதல் பஸ். யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாக மன்னாருக்கு ஓடும் பஸ்ஸில் சாமான் வைக்க முன்னுக்கு எஞ்சின் மூடிதான் இடம் என்றார் கொண்டக்டர். கிறிலை வைக்கலாம், பிரச்சினையில்லை. கூடவே கொண்டுபோகும் பியூட்டேன் காஸ் பேணிகளை அங்கே வைக்கவே கூடாது. 50 பாகைக்கு மேல் சூடு காட்டாதே என்று பேணியிலேயே அச்சிட்டிருக்கும். எஞ்சின் மூடியில் கை வைத்துப் பாருங்கள், மூன்று எண்ண முதல் எடுத்துவிடுவீர்கள். அந்தப் பேணிகள் பூநகரி வெளி முழுக்க மடியிலேயே வந்தன. காஸ் வேண்டாம், கரி போதும் என்ற முடிவு பாதி அங்கேயே வந்துவிட்டது.

இனி வள்ளம், சாமான், சமையல், திரும்பும் வழி என்ற ஒழுங்கில் எழுதுவதாகத்தான் எண்ணம். விளைமீன் வந்து இடையில் நின்றால் ஒழுங்கு குழம்பும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வள்ளத்தைப் பாருங்கள். வன்னிக் கரையில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 18 அடிப் பைபர் வள்ளம். பின்னுக்கு வெளியிணைப்பு எஞ்சின், பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடுவது. வாடகை பேசும்போது முகம் சுளிக்காதீர்கள். 2022 ஓகஸ்ட்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதைக் கண்டவர்கள் இவர்கள். வாடகையில் பெரும்பங்கு எஞ்சின்தான் குடிக்கிறது. வள்ளத்தில் ஏறியதும் கண்ணில் படுவது, கம்பிக் கைப்பிடி எதுவும் இல்லை என்பது. இணையத்தில் 'படகுக் கிறில்' என்று விற்பதில் பாதி, வெளிநாட்டு உல்லாசப் படகுகளின் 22 முதல் 25 மில்லிமீற்றர் குழாய்க் கைப்பிடியில் கவ்வித் தொங்கவிடுவதற்கென்று செய்தவை. நல்ல சாமான்தான், துருப்பிடியாது, விலையும் அதற்கேற்ற விலை. நம்முடைய வள்ளத்தில் அதைக் கொழுவ ஓர் ஆணிகூட இல்லை. அந்தக் கவ்விக்குக் கொடுக்கிற காசு தண்ணீரில் போட்ட காசு.

இரணைதீவுக்குப் போய்க் கரையிலேயே மூட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பக்கத்துக் கடல் ஆழமற்றது. கடல் வற்றும் வத்து நேரத்தில் வள்ளம் கரைக்கு எட்டவே தட்டி நிற்கும், மிச்சத் தூரம் சேற்றிலும் சாதாளையிலும் கால் புதைய நடக்க வேண்டும், தலையில் கரிச்சாக்கோடு. அதோடு தீவு பூங்கா இல்லை. 1992 இல் இடம்பெயர்ந்த சனம் 2018 இல்தான் வள்ளங்களில் திரும்பிப் போய்க் குடியேறிய ஊர். அவர்களின் மீன்பிடி வாடியடிக்கு முன்னால் கேட்காமல் தீ மூட்டுவது மரியாதையும் இல்லை. கடலில் நங்கூரம் போட்டுச் சமைப்பதுதான் வசதி.

இனிச் சாமான். மூன்று வகை கிடைக்கும்.

பியூட்டேன் பேணி போடும் மேசை அடுப்பும் அதன்மேல் வைக்கும் கிறில் தட்டும் ஒரு சோடி. மலிவு, சுத்தம், தேத்தண்ணிக்கு நல்லது. வாட்டலுக்கு மோசம். ஒன்று, காற்று. சோளகக் காற்று பிடித்த பிறகு அதன் தீ பக்கவாட்டில் படுத்துவிடும், மீன் ஒருபக்கம் கருகி மறுபக்கம் பச்சையாய்க் கிடக்கும். இரண்டு, பேணி இருக்கும் அறைக்கு மேலாக நீளுகிற அகலத் தட்டு. தட்டின் சூடு கீழே திரும்பிப் பேணியில் அடிக்கும், உள்ளே அமுக்கம் ஏறும், வெடிப்புகள் இப்படித்தான் நடக்கின்றன. காற்றுக்கு மறைப்பாகத் தகரத்தைச் சுற்றி வளைத்தால் இன்னும் ஆபத்து. முழுத் தீயில் ஒரு பேணி ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுமேல்தான் வரும். நாலு பேருக்கு மீன் வாட்ட இரண்டு பேணி வேண்டும், காசைக் கூட்டிப் பாருங்கள்.

சிறிய சிலிண்டரும் ரெகுலேற்றரும் உள்ள காஸ் கிறிலில் தீ பலமாக எரியும். சிக்கல் கசிவில். வீட்டில் காஸ் கசிந்தால் கதவு, யன்னல் உண்டு. வள்ளம் ஒரு சட்டி. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிவது மேலே போகாது, ஊற்றுத் தண்ணீரோடு அடியில் போய்த் தேங்கி நிற்கும். பிறகு எஞ்சினில் ஒரு பொறி போதும். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகளை வாசித்தவர்கள் அதை 18 அடி வள்ளத்துக்குள் வைத்துக் கற்பனை செய்துபார்க்கட்டும். கொண்டுபோய்த்தான் ஆவேன் என்பவர் ஒவ்வொரு பூட்டிலும் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று கரையிலேயே பாருங்கள். சமைத்து முடிந்ததும் சிலிண்டர் வாயை முதலில் பூட்டி, குழாயில் மிஞ்சியது எரிந்து அணைந்த பிறகே அடுப்பின் குமிழைப் பூட்டுங்கள்.

மூன்றாவது, மூடி உள்ள 14 அங்குல உருண்டைக் கரிக் கிறில். வாங்க வேண்டியது இதுதான். 'மூடி உள்ள' என்பதை அடிக்கோடிட்டு வாசியுங்கள். அணியத்தில் நங்கூரம் போட்ட வள்ளம் காற்றுக்கு முகம் கொடுத்தே நிற்கும். அடுப்பின் புகையும் பொறியும் நேரே பின்னுக்குப் போகும், அங்கேதான் எஞ்சினும் பெற்றோல் கலனும். திறந்த தகர அடுப்பு, சக்கர ரிம்மில் செய்த அடுப்பு எல்லாம் முற்றத்துக்கு அருமை, வள்ளத்துக்கு ஆகாது.

கடையில் பார்க்க வேண்டியது சில. அடியில் உள்ள காற்றுத்துளைகளுக்கு மூடி இருக்க வேண்டும். மலிவுக் கிறில்களில் வெறும் ஓட்டைதான், நெருப்புத் துகள் அதன் வழியே நேரே பைபரில் விழும். பைபரின் பிசின் 100 பாகை எட்ட முதலே இளகத் தொடங்கும், அதற்கு மேல் பற்றியும் எரியும். பரீட்சை சுலபம்: துளைகளைப் பூட்டி, கைத்தொலைபேசி வெளிச்சத்தை உள்ளே வைத்து, மேல்மூடியைப் போட்டுக் கடையின் இருட்டு மூலைக்குக் கொண்டுபோங்கள். வெளிச்சம் கோடாகக் கசிந்தால் காற்றும் கசியும், தேவைப்படும்போது தீயை அணைக்க முடியாது. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். மூடியைக் கவ்விப் பிடிக்கும் கொளுக்கி இருந்தால் நல்லது, அலையில் மூடி உருண்டு கடலுக்குள் போகாது.

கம்பித்தட்டுக்கு ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பலமாக ஒட்டினால் சாதாரண இரும்புக்குப் பூச்சு, அல்லது மலிவு எவர்சில்வர். உப்புக் காற்றில் சில பயணங்களோடு துரு. ஒட்டாதது 304 அல்லது 316 தர எவர்சில்வராக இருக்கலாம். 316 இல் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்கு நின்றுபிடிக்கும், விலை கூட. பட்ஜெட் இடித்தால் 304 எடுத்து எண்ணெய் பூசி வைத்துக்கொள்ளுங்கள். தட்டு உடைந்தால் கோழிக்கூட்டுக் கம்பிவலையை வெட்டிப் போடும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு, அதைச் செய்யாதீர்கள். அந்த வலை நாகம் பூசியது, கரிச் சூட்டில் பூச்சு உருகும், அதன் புகை காய்ச்சல் தரும்.

கிறிலின் கால்களைக் கழற்றிவிடுங்கள், ஆடுகிற வள்ளத்தில் மூன்று கால் வேண்டாம். அகலமான பழைய தாச்சியில் காய்ந்த மணல் நாலு விரல் உயரம் போட்டு, கிறிலின் அடியை அதில் பதித்து, தாச்சிக்குக் கீழே மூன்று செங்கல். செங்கல் இடைவெளியில் காற்று ஓட வேண்டும், பைபருக்குச் சூடு இறங்காமல் காப்பது அந்த இடைவெளிதான். மணல் ஈரமென்றால் ஆவி அடிக்கும். உடைந்த அஸ்பெஸ்ரஸ் கூரைத் துண்டைத் தட்டாகப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சூட்டில் வெடித்துச் சிதறும், தூசி நுரையீரலுக்குக் கேடு. இடம் நடுப் பலகைக்குப் பக்கத்தில், தாழ்வாக. மூட்ட முதல் பெற்றோல் கலனின் குழாயைக் கழற்றி, மூடியின் காற்றுத்துவாரத்தைப் பூட்டி, கலனை அணியத்துக்குக் கொண்டுபோங்கள். காற்று அங்கிருந்துதான் வருகிறது, பொறி எதிர்க்காற்றில் போகாது. மிதவை அங்கிகள் நைலோன், அவையும் முன்னுக்கு, உடம்பில் போட்டிருந்தால் இன்னும் நல்லது. நனைத்த சாக்கு ஒன்று கையெட்டும் தூரத்தில் கிடக்கட்டும். பெற்றோல் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, நெருப்பு மிதந்து பரவும், சாக்கால் மூட வேண்டும். வெயிலென்று படங்கை இறக்கிக் கட்டிவிட்டு உள்ளே கரி எரிப்பதும் வேண்டாம், கரி விடும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை.

கரி சிரட்டைக்கரி. நாலு பேருக்கு ஒரு கிலோவுக்குள் போதும். துண்டைக் கையில் முறித்தால் கணீரென்ற சத்தத்தோடு உடைந்து, முறிந்த இடம் மினுங்க வேண்டும். மங்கலாய், பழுப்பாய் இருந்தால் அரைவேக்காடு, புகைந்தே உயிரை வாங்கும். பற்றவைக்கப் பன்னாடை ஊரில் சும்மா கிடைக்கும், ஆனால் வள்ளத்தில் ஆகாது, எரிந்த நார் பறக்கும். உருக்கிய மெழுகுதிரியில் தோய்த்த தென்னந்தும்பு உருண்டை இரண்டு போதும். பெரிய பால்மாப் பேணியின் அடிவிளிம்பைச் சுற்றித் துளை போட்டு, கிறிலுக்குள் நிறுத்தி, கீழே தும்பு, மேலே கரி. 20 நிமிடத்தில் கரியின் மேல் சாம்பல் பூக்கும், இடுக்கியால் பேணியைத் தூக்கிக் கொட்டுங்கள். இந்த 20 நிமிடத்துக்குள் ஓட்டி அண்ணை பொறுமை இழந்து மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வருவார். அன்பாக மறித்துவிடுங்கள். ஆபத்து ஒருபக்கம், மீன் முழுக்க மண்ணெண்ணெய் மணக்கும் கொடுமை மறுபக்கம்.

மீன்! விளைமீன், உயிர்ப்போடு வலையிலிருந்து எடுத்தது, 600, 700 கிராம் அளவு. பக்கத்துக்கு மூன்று கீறல் முள்ளுவரை. உப்பு, மஞ்சள், வீட்டுத் தூள், தேசிக்காய்ப்புளி, அவ்வளவே. எண்ணெயை மீனில் ஊற்றாதீர்கள், சொட்டித் தீ எழும்பும். கம்பித்தட்டை 5 நிமிடம் மூடிச் சூடாக்கி, தட்டில் மட்டும் எண்ணெய்த்துணியால் துடையுங்கள். மீனைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்து வையுங்கள். குளிர்ந்த தட்டில் ஈர மீன் வைத்தால்தான் தோல் ஒட்டும். மூடி போட்டு 7 நிமிடம் தொடாதீர்கள். தோல் முறுகியதும் தானாக விடும், இழுத்துப் பார்த்து ஒட்டினால் இன்னும் ஒரு நிமிடம். ஆடுகிற வள்ளத்தில் இரட்டைக் கம்பிக்கூடு இருந்தால் திருப்புவது லேசு. கணவாய்க்குப் பக்கத்துக்கு 2 நிமிடம், மிஞ்சினால் செருப்புத் தோல். நண்டை ஓட்டுப்பக்கம் கீழே இருக்க வைத்து மூடுங்கள், சாறு ஓட்டுக்குள்ளேயே கொதிக்கும். ஓரா வாட்டுவதென்றால் முதலில் கத்தரிக்கோலால் செட்டை முள்ளை நறுக்குங்கள், குத்தினால் விஷக் கடுப்பு, நடுக்கடலில் அழுதுகொண்டிருக்க வேண்டும். அந்த விளைமீனின் தோலுக்குக் கீழே இருந்த சாறை, பாணால் துடைத்துத் தின்று, பனையோலைத் தட்டுவத்தைக்கூட நக்காத குறை. கொழும்பில் எந்த ஹோட்டலும் இதைத் தராது.

முடிந்ததும் மேலும் கீழும் எல்லாத் துளையையும் பூட்டி விடுங்கள், மூச்சு முட்டிக் கரி அணையும். கடல்நீரை ஊற்றினால் ஆவி முகத்தில் அடிக்கும், தகடு கோணும், பூச்சு உரியும். மிஞ்சிய கரி அடுத்த முறைக்கு ஆகும், அது காசு. அணைந்ததென்று நம்பிச் சாக்கில் கொட்டாதீர்கள், உள்ளே மணிக்கணக்கில் கனன்று கிடக்கும், மூடியுள்ள தகரத்தில்தான் போட வேண்டும். தட்டை நன்னீரில் கழுவ ஒரு லீற்றர் போத்தலை ஒதுக்கி வையுங்கள், கடல்நீரில் கழுவினால் காய்ந்த உப்பு அன்றிரவே வேலையைத் தொடங்கும்.

விடியப் புறப்பட்டு 10 மணிக்குள் சமையலை முடியுங்கள். சோளக காலத்தில் மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பும், வள்ளத்தில் நிமிர்ந்து இருக்கவே முடியாது, கிறிலை யார் பிடிப்பது? திரும்பும் பஸ்ஸுக்கு நேரக்கணக்கைச் சந்திக் கடையில் கேட்டு வையுங்கள். கரித்தகரம் ஆறிக் குளிரும்வரை ஏற்றவும் மாட்டார்கள், கையில் சூடு படுகிறதா என்று கொண்டக்டர் தொட்டே பார்த்தார்.