மாசிக் கடைசியில் முகத்துவாரம்: இவ்வாரக் கடல் நிலையும் தூண்டில் பாடும்

வாடை தணிந்துவிட்டது. சிவராத்திரிக்கு முந்திய நாட்களில் மட்டக்களப்பின் கல்லடிக் கரையில் நின்று எறிந்த ஈயக்குண்டை அலை உருட்டிக் கரைக்கே கொண்டுவந்து போட்ட நிலை மாறி, இவ்வாரம் விடியற்காலைகளில் கடல் ஏறக்குறைய ஓய்ந்தே கிடந்தது. வடகிழக்குக் காற்று முற்பகலில் மெல்லியதாகவும், நண்பகலுக்குப் பின் சிறிய தோணிகள் கரை திரும்ப வேண்டிய அளவுக்குப் பலமாகவும் வீசியது. மழை நின்று சில வாரங்கள் ஆகிவிட்டபோதும் வாவியின் மேற்கே உள்ள படுவான்கரை வயல்களிலிருந்து வாவிக்கு வடியும் நீர் இன்னும் ஓயவில்லை. ஆகவே பாலமீன்மடு முகத்துவாரம் அகலமாகவே திறந்திருக்கிறது. இவ்வாரத்து மீன்பாட்டைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான் என்பேன்.

நம் கரையில் வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. அமாவாசை, பௌர்ணமி நாட்களிற்கூட நீர் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீற்றரை எட்டுவதில்லை. வேறு நாட்டுத் தூண்டில்காரர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு நிலவை மட்டும் பார்த்துப் புறப்படுபவர்கள் இங்கே ஏமாறுவது இதனால்தான். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி கடலைச் சேர்வதற்கு இங்கே ஒரு வாயும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்தில் இன்னொரு வாயுமே இருக்கின்றன. மாரியில் நிரம்பிய வாவியின் மட்டம் கடலின் மட்டத்தைவிட உயர்ந்து நிற்கும் நாட்களில், கடல் வற்றத் தொடங்கியதும் இரண்டு விசைகளும் சேர்ந்து நீரை வெளியே தள்ளுகின்றன. அமாவாசையை ஒட்டிய இவ்வாரத்தில் அந்த ஓட்டம் முழங்கால் ஆழத்தில் நிற்பவரையே அசைக்கும் அளவுக்கு இருந்தது. மணற்றிட்டின் ஓரம் எந்த நேரமும் சரியக்கூடும் என்பதால், நீரில் இறங்காமல் உலர்ந்த மணலில் நின்றே எறியும்படி புதிதாக வருபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வற்று ஓடும்போது வெளிச்சவீட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால் வாவியின் பழுப்பு நீரும் கடலின் பச்சை நீரும் சந்திக்கும் கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் நுரையும் ஆற்றுவாழைத் துண்டுகளும் மிதந்துகொண்டிருக்க, அதற்குக் கீழே இறாலும் மணலை மீன் குஞ்சும் ஓட்டத்தை எதிர்க்க இயலாமல் அடித்துச் செல்லப்படும். கொடுவா அந்த ஓட்டத்தின் நடுவில் நிற்பதில்லை. ஓட்டம் மணற்றிட்டின் முனையில் மோதித் திரும்பும் அமைதியான பக்கத்தில், தலையை ஓட்டத்தை நோக்கி வைத்துக்கொண்டு, இரை தன்னிடம் வரும்வரை காத்திருக்கும். கலங்கிய நீரில் போலி இரைகளால் பெரிய பயன் இல்லை என்பதை இவ்வாரமும் கண்டேன். மேலுதட்டில் கோத்த உயிருள்ள மணலைக் குஞ்சை, கனம் குறைந்த ஈயத்துடன், ஓட்டத்தின் ஓரமாக நழுவ விட்டவர்களுக்கே மீன் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் வேளையில் எங்கள் வரிசையில் பிடிபட்ட கொடுவா நான்கு கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது. இரையை உறிஞ்சியபோது நீர்மட்டத்தில் எழுந்த சத்தம் பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. முதல் ஓட்டத்திலேயே மீன் இரண்டு முறை நீரைவிட்டு எழும்பித் தலையை உதறியது. கரைக்கு வந்தபின், கொக்கியைப் பிரதான நூலோடு இணைக்கும் தலைநூலைத் தடவிப் பார்த்தேன். கொக்கியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் தங்கூசியின் பளபளப்புப் போய், வெண்ணிறமாகச் சுரசுரத்துப் போயிருந்தது. கொடுவாவின் செவுள் மூடியின் ஓரம் கத்திபோன்றது. மெல்லிய நூலை மீன் கடித்து அறுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், உண்மையில் பெரும்பாலும் அறுப்பது அந்த ஓரமே. எனவே பிரதான நூல் மெல்லியதாக இருந்தாலும் தலைநூல் தடிப்பாக இருக்க வேண்டும், ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் அதைத் தடவிப் பார்த்து மாற்றவும் வேண்டும்.

கொடுவாவைத் தவிர, பாரைக் குட்டிகள் காலையில் நன்றாக எடுத்தன. கல்லடிப் பாலத்தடியில் இரவுத் தூண்டில்காரருக்குச் செப்பலி கிடைத்திருக்கிறது. 1924 ஆம் ஆண்டின் பழைய பாலத்தின் தூண்களைச் சுற்றி இறால் துண்டு போட்டவர்களுக்கே அதிகம் அகப்பட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஆழ்கடல் செய்தி இம்முறை சுருக்கமானது. பிற்பகல் காற்றுக்கு அஞ்சி மிகச் சில படகுகளே விடியமுன் புறப்பட்டு வெயில் ஏறமுன் திரும்பின; இழுவைத் தூண்டிலில் நடுத்தர அறக்குளாவும் சூரையும் கிடைத்தன. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலின் மேல் ஜிக் (ஆழத்தில் மேலும் கீழும் அசைக்கும் உலோகப் போலி இரை) போடுவதற்குப் பலர் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கும் அந்த இரும்பைச் சுற்றிப் பாரையும் களவாவும் நிற்பது உண்மைதான். ஆயினும் நீரோட்டம் குறையும் பங்குனி, சித்திரை மாதங்கள்வரை பொறுப்பதே நல்லது. போகும்போதும் நங்கூரத்தைக் கப்பலின் மேல் போடாமல் படகை ஓட்டத்தோடு விட்டுத் தூண்டில் போட வேண்டும். அந்தக் கப்பலோடு 307 பேர் உயிரிழந்தார்கள். அது அவர்களுடைய கல்லறை.

அம்பாறைக் கரையில், ஒலுவில் துறைமுகக் கற்சுவரை அண்டிக் கட்டாவும் சிறு பாரையும் எடுத்ததாக நண்பர்கள் சொன்னார்கள். பாணமைப் பக்கம் அலை இன்னும் அடங்கவில்லை.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விடயத்துக்கு வருகிறேன். கொடுவா ஆணாகவே முதிர்ச்சி அடைந்து, சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, வளர்ந்தபின்பே பெண்ணாக மாறும் மீன். அது முட்டையிடுவதற்கு உப்பு நீர் வேண்டும் என்பதால் ஆற்றிலும் வாவியிலும் வளர்ந்த மீன்கள் முகத்துவாரத்தையே தேடி வருகின்றன. அப்படியானால் முகத்துவாரத்தில் நாம் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் தாய்மீன்கள். சமையலுக்கு நான்கு கிலோ மீன் தாராளமாகப் போதும், பத்துக் கிலோ மீன் தண்ணீரில் இருப்பதே வாவிக்கு நல்லது. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் பிடிக்கும் நமக்கு அந்த மீனை விட்டுவிடும் வசதி இருக்கிறது, அன்றாடப் பிழைப்புக்காகப் பிடிப்பவருக்கு அது இல்லை. ஆகவே இந்தக் கடமை முதலில் நம்மையே சேரும்.

விடுவதென்றால் உயிரோடு விட வேண்டும். இக்காலத்தில் நம் கரைநீரின் வெப்பம் 28 பாகை செல்சியஸை அண்டியிருக்கிறது, சித்திரையில் 30 ஐயும் தொடும். சூடான நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைவு, களைத்த மீனுக்கோ தேவை அதிகம். மெல்லிய நூலில் நெடுநேரம் இழுத்துத் துவளவைத்த மீன், விட்டதும் நீந்திப் போவதுபோலத் தோன்றினாலும், சற்றுத் தூரத்தில் கவிழ்ந்துவிடக் கூடும். பெரிய மீன் வரக்கூடிய இடத்தில் பலமான நூலையே பாவியுங்கள். முனை உள்நோக்கி வளைந்த வட்டக் கொக்கி மீனின் வாயோரத்திலேயே தைக்கும் என்பதால் கழற்றுவது எளிது. மீனைச் சுடுமணலில் போட வேண்டாம். கையை நனைத்துக்கொண்டு, தாடையை ஒரு கையாலும் வயிற்றை மறு கையாலும் தாங்கி, படம் எடுப்பதானால் அதையும் தண்ணீருக்கு மேலேயே விரைவாக முடித்துவிட்டு, தலை ஓட்டத்தை நோக்கி இருக்கும்படி பிடித்திருங்கள். வால் தானாக உதறும்போது கையை எடுத்தால் போதும்.

வரும் வாரம் வளர்பிறை அட்டமியை நெருங்குவதால் கடலின் வற்றுப்பெருக்கு இன்னும் சிறுக்கும். முகத்துவார ஓட்டமும் தளரும். அந்த நாட்களில் வாவிக்கரையில் வலையிறவுப் பக்கத்துக் கண்ணா (அலையாத்தி) மரங்களின் நிழலில், பொழுது விடியும் நேரத்தில், செப்பலிக்குத் தூண்டில் போடுவதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. காற்று இப்படியே இறங்கி நின்றால் கீரிமீன் கூட்டம் கரையை அணுகும், அதைத் துரத்திப் பாரையும் கட்டாவும் வரும், கரைவலைத் தோணிகளும் இறங்கும். வலை வளைத்துக் கயிறு இழுத்துக்கொண்டிருக்கும் இடத்தில் தூண்டில் எறியாமல், இரண்டு கயிறுகளுக்கும் வெளியே நன்றாகத் தள்ளி நில்லுங்கள். புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் முன்னறிவிப்பில் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையான பகுதிக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்.