மழை கேட்டால் மலை தரும் மெஷின்

சேலத்தில் மெட்டு போடுகிறவர்களிடம் ‘ஏஐ நல்லதா, கெட்டதா?’ என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. எந்த வேலைக்கு என்பதுதான் கேள்வி. ஜவுளிக்கடைக்கு முப்பது விநாடி விளம்பரப் பாட்டா, யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஆல்பம் என்றால் பேச்சே வேறு.

கணினி சுரம் கோப்பது புதிதல்ல. 1957-லேயே இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் தந்திக் கருவிகள் நான்குக்கு அப்படி ஒரு இசை ஆக்கினார்கள். அது தாளில் சுரமாக வந்தது. வாசிக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. இப்போதைய ஏஐ பாட்டுச் செயலிகளான சூனோவும் யூடியோவும் தருவது பாடி முடித்த பாட்டு. வெந்த சோறு. ‘இதையே கொஞ்சம் மாத்திக் கொடுங்க சார்’ என்று வாடிக்கையாளர் பென் டிரைவை நீட்டும்போது இசையமைப்பாளருக்கு எரிச்சல் வருவது இதனால்தான். புது மெட்டு போடுவதைவிட அதைத் திருத்துவது கூடுதல் வேலை. கூலியோ பாதி பேசுவார்கள்.

எங்கே இடிக்கும் என்று பார்ப்போம். முதலில் கட்டை, அதாவது சுருதி. கோயில் பாட்டுக்குச் சேர்ந்து வாசிக்கும் பாரி நாயனம் (நீளமான நாதஸ்வரம்) 2 அல்லது 2½ கட்டையில்தான் நிற்கும். மெஷின் பாட்டு 4 கட்டையில் வந்திருந்தால் 2½-க்கு இரண்டு அரைச்சுரம் இறக்க வேண்டும். குரல் கனத்து, தாளக்கருவி ஓசை மழுங்கும். சில டிராக்குகள் எந்தக் கட்டையிலும் உட்காராமல் நடுவில் தொங்கும். டியூனரில் பார்த்து, டிராக்கை ஏற்றி இறக்கிச் சேருங்கள். நாயனக்காரரைச் சீவாளியோடு (ஊதும் முனை) மல்லுக்கட்ட விடாதீர்கள்.

அடுத்து உச்சரிப்பு. தமிழ் எழுத்தில் தகரம் ஒன்றுதான். மெஷின் ‘தேவி’யைத் ‘தேங்காய்’ தகரத்திலேயே பாடிவிடும். ழகரம் அதைவிட மோசம். ‘மழை தா தாயே’ என்று எழுதிக் கொடுத்தால் ‘மலை தா தாயே’ என்று உருகும். சேர்வராயன் மலை ஏற்கெனவே இருக்கிறது, இன்னொன்றை எங்கே வைப்பது? (ஏற்காட்டை ‘ஏர்காடு’ என்றால் விட்டுவிடலாம், ஊரே அப்படித்தான் சொல்கிறது.) வரிகளை ஆங்கில எழுத்தில், ஒலிக்கிறபடி, நெடிலுக்கு இரட்டை எழுத்து போட்டுக் கொடுத்தால் கொஞ்சம் தேறும். முழுதாகத் தேறாது.

ராகத்தில் மோகனம், ஹம்சத்வனி போன்றவை ஓரளவு தப்பிக்கும். தோடி, சஹானா கேட்டால் சுரம் இருக்கும், அசைவு இருக்காது. தோடியின் காந்தாரம் (‘க’ சுரம்) அசையாமல் நின்றால் அது தோடியே இல்லை. தாளத்தில் மிஸ்ரம் கேட்டால் ஏழாகத் தொடங்கி, சரணத்துக்குள் நான்காகச் சரிந்துவிடும். பம்பை, உருமி என்று எழுதினால் பெரும்பாலும் வடக்கத்தி டோல்தான் வரும். உருமியின் உயிர், குச்சியைத் தோலில் தேய்த்து எழுப்பும் அந்த முனகல்; அதைக் காணோம்.

பயன்படுத்துவதாகவே இருந்தால் வரிசையை மாற்றுங்கள். தத்தகாரத்தில் (‘தன்னன்னா’ என்று, வார்த்தை இல்லாமல்) மெட்டை நீங்களே போனில் பாடிப் பதியுங்கள். தேதியோடு கோப்பு இருக்கட்டும். பிறகு மெட்டு யாருடையது என்ற பேச்சு வந்தால் அதுதான் சாட்சி. அந்தப் பதிவைச் செயலியில் ஏற்றி இரண்டு மூன்று மாதிரிகள் வாங்குங்கள். ஸ்டெம் பிரித்தால், அதாவது குரல், கருவிகளைத் தனித்தனித் தடமாக்கினால், பாஸ், பேடு (பின்னணியில் நீளும் ஒலி) இரண்டும்தான் உருப்படியாகக் கிடைக்கும். குரல் ஸ்டெமில் எதிரொலி ஒட்டிக்கொண்டே வரும், அதைத் தூக்கிப் போடுங்கள். டெம்போவை ஐந்தாறு சதவீதத்துக்கு மேல் இழுத்தால் விரிசல் கேட்கும். அதைவிட, கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) மட்டும் குறித்துக்கொண்டு பேடைக் கீபோர்டில் வாசித்துவிடுவது வேகமான வேலை. இதில் அடிவாங்குவது கணினியில் இசை கோக்கும் புரோகிராமரும், மாதிரிக்குப் பாடித் தரும் டிராக் பாடகரும்தான். அவர்கள் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

குரல் விஷயத்தில் சமரசம் கூடாது. 2024 தொடக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ வழியாகக் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே ஆண்டு அரிஜித் சிங் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், அனுமதியின்றி அவர் குரலை ஏஐ-யால் போலி செய்வதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ‘பழைய பாடகர் குரல்ல வேணும்’ என்று விழாக்குழு கேட்டால் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இன்னொன்று: சூனோவின் இலவசத் திட்டத்தில் செய்த பாட்டை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவில் இருப்பது பெரும்பாலும் அந்த ரகம்தான். எந்தக் கணக்கில் செய்தது என்று முன்பணம் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.