வேன் வண்டிக்குள் 2000 வாட் இன்வெர்ட்டர்: கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம்

12 வோல்ட் பேட்டரியில் 2000 வாட் இழுத்தால், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 185 ஆம்பியர் வரை ஓடும். அதற்கு 70 சதுர மி.மீ. செப்பு கேபிள், நீளம் ஒன்றரை மீட்டருக்குள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் 250 ஆம்பியர் கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ். இன்வெர்ட்டர் பக்கம் போட்டால், நடுவில் கேபிள் வண்டியின் பாடியில் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது.

பெரும்பாலும் கெடுவது லக், அதாவது கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம். சுத்தியலால் நசுக்கிய லக்கில் இழைகளுக்கு நடுவே இடைவெளி நிற்கும். லோடு ஏறியதும் சூடாகி, மேலே போட்ட ஸ்லீவ் பழுப்பாகும். லக்கை அழுத்தி இறுக்கும் ஹைட்ராலிக் கிரிம்பர் வாடகைக்காவது எடுங்கள். பத்து நிமிடம் முழு லோடில் ஓட்டி, அணைத்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியவில்லையா, வெட்டிவிட்டுப் புது லக் போடுங்கள்.

லித்தியம் பேட்டரியை ஆல்டர்னேட்டரில் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) நேரடியாக மாட்டாதீர்கள். காலியாக இருக்கும்போது அளவில்லாமல் இழுத்து ஆல்டர்னேட்டரையே எரித்துவிடலாம். நடுவில், இழுக்கும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம்.