சாப்பாட்டு மேசையில் மோதல்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பிளஸ் ஒன் படிக்கிற மகளுக்கு உந்த மாறா விதி மண்டையில் ஏறவில்லை. நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம்; மோதலுக்கு முன்னும் பின்னும் அதன் கூட்டுத்தொகை மாறாது என்பதுதான் விதி. "எம்1 யூ1, எம்2 யூ2ன்னு எழுதச் சொல்றாங்க. எதுக்குன்னே தெரியலப்பா." ஐடிஐயோடு நின்றவன் நான். சூத்திரம் வராது, சாமான் வரும். வயரிங் பைப்பை நீளவாக்கில் அறுத்துச் சறுக்கு செய்தேன். அதன் நுனியை ரசமட்டம் வைத்து மேசை விளிம்பில் மட்டமாகக் கட்டினேன். தரையில் வெள்ளைத்தாள், மேலே கார்பன் தாள். குண்டு விழுந்த இடத்தில் புள்ளி பதியும்.

மேசை உயரம் 78 செ.மீ. பாய்ந்து போனாலும் நழுவி விழுந்தாலும் தரையைத் தொட 0.4 நொடிதான். அதனால் தூரத்தை அளந்தாலே வேகத்தை அளந்த மாதிரி. அவள் நம்பவில்லை. ஒரு ரூபாயைச் சுண்டிவிட்டு, இன்னொன்றை அதே நேரம் நழுவவிட்டேன். இரண்டுக்கும் ஒரே 'ணங்'.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தெற்கு ஆவணி மூல வீதியில் தெரிந்த நகைக்கடையில் எடை போட்டேன். 16 மி.மீ. பேரிங் குண்டு 16.7 கிராம். அதே அளவு கோலி 5.4. (கோலிக்குச் செய்கூலி உண்டா என்று கேட்டுச் சிரித்தார்கள்.) அளவு ஒன்றாக இருந்தால்தான் நடுவுக்கு நடு மோதும்.

ஆகஸ்ட் 6, புதன்

இரும்புக் குண்டு தனியாக 60 செ.மீ. போனது. விளிம்பில் கோலியை வைத்து அடித்தால், இரும்பு 32, கோலி 86!

"அடிச்சதை விட அடி வாங்கினது தூரமா போகுதேப்பா?"

எடையைத் தூரத்தால் பெருக்கிப் பார் என்றேன். மோதுமுன் 16.7 × 60 = 1002. மோதியபின் 534 + 464 = 998. அந்த நாலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். விளிம்புக்கு நேர் கீழே தரையில் குறி வைக்க நூல் குண்டு கட்டி, அங்கிருந்து அளந்த எனக்கு இவ்வளவு நெருங்கி வந்ததே பெரிய விஷயம்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று இரண்டும் இரும்பு. வேண்டுமென்றே கொஞ்சம் ஒதுக்கி வைத்து அடித்தோம். ஒன்று 47, மற்றது 34. எடை ஒன்றுதானே என்று தூரத்தை மட்டும் கூட்டினால் 81. இருந்ததே 60தானே, மிச்சம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் அரை மணி நேரம் முட்டி நின்றோம். அப்புறம் அவளே தாளில் இரண்டு புள்ளிகளுக்கும் அம்புக்குறி போட்டாள். இடைக்கோணம் 87 டிகிரி. இணைகரம் வரைந்து மூலைவிட்டத்தை அளந்தால் 59.

"வெக்டர்னு இதத்தான் சொன்னாங்களா!"

அதற்குள் அப்பத்தா கார்பன் தாளை மிதித்துவிட்டு அடுப்படி வரை கறுப்புத் தடம் பதித்தது தனிக்கதை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் நோட்டோடு வந்தாள். புதன்கிழமைக் கணக்கில் வேகத்தை வர்க்கமாக்கிப் போட்டிருக்கிறாள். "உந்தம் அப்படியே இருக்குப்பா. ஆற்றல்ல மட்டும் நூத்துக்கு அஞ்சு காணோம். அந்த 'டிக்' சத்தத்துலயா போச்சு?"

சத்தத்துக்குக் கொஞ்சம்தான் போகும், மற்றது சூடாகியிருக்கும் என்றேன். அவளுக்குத் திருப்தியில்லை. மாலையில் களிமண் வைத்து இரண்டையும் ஒட்டவிட்டுப் பார்க்கப் போகிறோம். அதில் சத்தமே வராது.